பத்து சென்டிமீட்டர் சதுரம்

கட்டிங் மாஸ்டர் துணியை அடுக்கடுக்காக மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் இரும்புக் கட்டைகளை வைத்து அமுக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சும்மா நிற்கும்போது வாயையும் சும்மா வைத்திருப்பவர் அல்ல அவர்.

"என்னம்மா, உங்க பிரிண்டர் இன்னிக்கு வேலைநிறுத்தமா?"

"அஞ்சு நிமிஷம் மாஸ்டர்."

"அந்த அஞ்சு நிமிஷத்தைக் காலையிலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கேன்."

சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. திரையில் வரைபடம் அழகாக நின்றது. அச்சடி என்று சொன்னால் பிரிண்டர் ஒரு முறை முனகும், பிறகு அடங்கிவிடும். திரையின் மூலையில் 'ஃபில்டர் ஃபெயில்டு' என்று ஒரு வரி வந்து நிற்கும். காலையிலிருந்து இதே கதை.

அக்கா தங்கை இரண்டு பேரில் இளையவள் என்பதால் சின்னவள். வீட்டின் கீழ்த்தளம் முழுக்க அக்காவின் தையல் கூடம். மாடியில் ஒரு பக்கம் அக்கா, மறுபக்கம் சின்னவளும் அவள் கணவனும். மருத்துவமனைக்கும் ஓட்டலுக்கும் கடைகளுக்கும் சீருடை தைத்துக் கொடுப்பதுதான் தொழில். ஆர்டர் பிடிப்பது, துணி வாங்குவது, ஆட்களை மேய்ப்பது எல்லாம் அக்கா. எந்த உடுப்பானாலும் அதன் கையை, கழுத்தை, முதுகை அளவு போட்டு வரைவது சின்னவள். கணினியில் வரைந்து, சுருள் தாள் ஓடும் அகலமான பிரிண்டரில் முழு அளவில் அடித்து, அட்டையில் ஒட்டி மாஸ்டரிடம் கொடுப்பாள். அவர் அட்டையைத் துணிமேல் வைத்து வெட்டுவார்.

கணினியில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இயங்குதளம் இருந்தது. அதை நிறுவியது அவள் கணவன். ஊர் ஊராகப் போய் அலுவலகங்களில் கணினிகளை அமைத்துக் கொடுப்பதுதான் அவன் வேலை. கல்யாணமான புதிதில் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். "பிரச்சனைன்னா பதறாதே. லாக்னு ஒண்ணு இருக்கும். எங்கே தடுக்கிச்சுன்னு மெஷினே அதுல எழுதி வச்சிருக்கும், படிச்சா போதும்" என்பான். பொறுமையான வாத்தியார். இரண்டாம் முறை கேட்டாலும் முகம் சுளிக்கமாட்டான்.

போன வாரம் பழைய கணினி படுத்துவிட்டது. புதிதாக ஒன்று வாங்கி, பழையதிலிருந்த அமைப்புகளை அதில் ஏற்றிவிட்டு, அவசர வேலை என்று அவன் வெளியூர் கிளம்பிவிட்டான். காலையில் போனில் சொன்னபோது அவன் குரல் என்றுமில்லாத வேகத்தில் வந்தது.

"நீ எதையும் தொடாதே. நாளைக்கு நான் வந்து பாத்துக்கறேன்."

"மாஸ்டர் துணி விரிச்சிட்டாருங்க."

"சுருட்டி வைக்கச் சொல்லு. செட்டிங்கை மாத்திக் கீத்தி வச்சிடாதே, தயவுசெஞ்சு."

சரி என்று வைத்துவிட்டாள். ஆனால் விரித்த துணியைச் சுருட்டச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இந்தத் துணி மருத்துவமனை நர்ஸுகளின் மேல்சட்டைக்கானது. ஏற்கெனவே அந்த இடத்தில் அவள் பெயர் கெட்டுக் கிடந்தது.

போன வருஷம்தான் அந்த ஆர்டர் முதலில் வந்தது. சட்டைகள் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் புகார் வந்தது. அக்குளில் பிடிக்கிறது, கையைத் தூக்கினால் தையல் விடுகிறது, நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க முடியவில்லை. அக்கா போகவில்லை. "வரைஞ்சவ நீதானே, நீ போய்ப் பேசினா மரியாதையா இருக்கும்" என்றாள். சின்னவள் போனாள். வரிசையாக நர்ஸுகளை நிற்கவைத்து மறுபடி அளவெடுத்தாள். அதில் ஒரு பெண், "நான் குண்டாயிட்டேன்னு நினைச்சு ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுட்டேன்கா. சட்டைதான் இளைச்சுப்போச்சா?" என்று கேட்க, வார்டே சிரித்தது. சின்னவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள்.

மார்பளவைக் கூட்டி மறுபடி வரைந்தாள். அடுத்த தொகுதியும் அதே பிடிப்பு. தைத்த சட்டையை அளந்தால் குறைகிறது, திரையில் பார்த்தால் சரியாக இருக்கிறது. துணி சுருங்குகிறதோ என்று துவைத்துப் பார்த்தாள், சுருங்கவில்லை. தையல் உள்ளே அதிகம் போகிறதோ என்று பிரித்துப் பார்த்தாள், போகவில்லை. பிரிண்டர்மேல் சந்தேகம் வர வழியே இல்லை. இந்தத் தொழிலில் ஒவ்வொரு தாளின் மூலையிலும் பத்து சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைப் போட்டு வைப்பார்கள். அச்சானதும் ஸ்கேலை வைத்து அதை அளக்கவேண்டும். சதுரம் சரியென்றால் தாள் சரி. தாள் சரியென்றால் தப்பு வரைந்தவளுடையது. அவள் ஒரு தாளைக்கூட அளக்காமல் விட்டதில்லை. சதுரம் ஒருநாளும் மயிரிழைகூடப் பிசகியதில்லை.

கடைசியில் தன் கண்மேலேயே சந்தேகம் வந்தது. கணவன்தான் கண் டாக்டரிடம் கூட்டிப்போனான். மங்கல் எழுத்துகளை அவள் ஒவ்வொன்றாகப் படித்தபோது பக்கத்து நாற்காலியில் அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். "அலைச்சல்தான். மனசைப் போட்டுக் குழப்பிக்காதே" என்று வழியெல்லாம் தேற்றிக்கொண்டு வந்தான். இனி நான் வரையவில்லை, வேறு ஆளைப் போட்டுக்கொள் என்று அவள் அக்காவிடம் சொன்னபோது அக்கா அவள் தலையைத் தடவி, "ஊரே குறை சொன்னாலும் நான் உன்னை விட்டுக்குடுப்பேனா?" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக அவள் அக்காவுக்குக் காலமெல்லாம் உழைக்கத் தயாராக இருந்தாள்.

அதனால்தான் இன்றைக்கு இந்த வேலை நிற்கக்கூடாது என்று நினைத்தாள். மூன்றாவது முறையாக மருத்துவமனை ஒத்துக்கொண்டிருக்கிறது. பக்கவாட்டில் ஒரு பை கூடுதல், அவ்வளவுதான் மாற்றம்.

அவன் சொல்லிக்கொடுத்தபடியே ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கம்பி சரியாகச் செருகியிருந்தது. மை இருந்தது. பிரிண்டரின் சோதனைத் தாளை அடிக்கச் சொன்னாள், பளிச்சென்று வந்தது. அப்படியென்றால் பிரிண்டருக்கு நோய் இல்லை. கணினியிலிருந்து ஒரு சாதாரணக் கடிதத்தை வேறு வழியாக அனுப்பினாள், அதுவும் வந்தது. அப்படியென்றால் கணினிக்கும் நோய் இல்லை. வரைபடத்துக்கென்று அவன் தனியாக அமைத்து வைத்த வழியில் போனால் மட்டும்தான் நின்றது. இடையில் ஏதோ தடுக்கிறது.

கறுப்புத் திரையைத் திறந்து லாக்கைப் படித்தாள். வரிவரியாக ஓடியதில் ஒன்று கண்ணில் பட்டது. வரைபடம் பிரிண்டருக்குப் போகும் வழியில் ஒரு ஃபில்டர் உட்கார்ந்திருந்தது. திரையில் இருப்பதைப் பிரிண்டருக்குப் புரிகிற மொழியில் மாற்றித் தருகிற தரகன்தான் ஃபில்டர். லினக்ஸில் எல்லாத் தாளும் அப்படி ஒன்றிரண்டைத் தாண்டித்தான் போகும். இது லினக்ஸோடு வந்தது அல்ல, அவன் கையால் எழுதிச் சேர்த்தது. அந்த ஃபில்டர் வேறொரு புரோகிராமைத் துணைக்குக் கூப்பிட்டது. புதுக் கணினியில் அந்தப் புரோகிராம் இல்லை. கூப்பிட்ட குரலுக்கு ஆள் வராததால் ஃபில்டர் அப்படியே விழுந்துவிட்டது.

அந்த ஃபில்டரைப் பற்றி அவளுக்குத் தெரியும். "ஓரத்துல கோடு வெட்டுப்படாம இருக்க ஒரு சின்ன ஏற்பாடு" என்று முன்பு சொல்லியிருந்தான். ஓரத்தில் நிறைய இடம் விட்டு வரைந்தால் போயிற்று, இன்றைக்கு அது எதற்கு? பிரிண்டரோடு வந்த நேர்வழியில் புதிதாக ஒரு அச்சு வரிசையை அமைத்தாள். பெயர், தாள் அகலம், துல்லியம். அச்சடி என்றாள்.

பிரிண்டர் முனகியது. பிறகு, தூங்கி எழுந்த குழந்தை மாதிரி, தாளைத் தள்ளத் தொடங்கியது.

"வந்துடுச்சு மாஸ்டர்!"

"அப்பாடா! உங்க வீட்டுக்காரர் வர்ற வரைக்கும் நான் துணிக்குக் காவல் இருக்கணுமோன்னு பயந்தேன்."

பழக்கம் விடவில்லை. முதலில் மூலைச் சதுரத்தில் ஸ்கேலை வைத்தாள். பத்துக்குப் பத்து. தாளை மாஸ்டரிடம் நீட்டினாள். புதுப் பை எங்கே வருகிறது என்று பார்க்க அவர் பழைய அட்டையை எடுத்து அதன்மேல் வைத்தார். வைத்தவர் அதை இப்படியும் அப்படியும் நகர்த்தினார்.

"என்னம்மா இது? பழைய அட்டை உள்ளே அடங்கிப்போகுது. புதுசு பெருசா வந்திருக்கே. பிரிண்டர் தப்பா அடிச்சிருச்சு போல."

"சதுரம் சரியா இருக்கே."

"சதுரம் சரிதான். சட்டைதான் வளந்திருக்கு."

அவள் டேப்பை எடுத்தாள். முன்பாகத்தின் அகலம் திரையில் ஐம்பத்தொன்று சென்டிமீட்டர். புதுத்தாளில் ஐம்பத்தொன்று. பழைய அட்டையில் நாற்பத்தெட்டரை. டேப்பைத் திருப்பிப் பிடித்து மறுபடி அளந்தாள். நாற்பத்தெட்டரைதான். பழைய அட்டையின் மூலையிலிருந்த சதுரத்தையும் அளந்தாள். அதுவும் பத்துக்குப் பத்து.

தாள் தவறுதலாகச் சுருங்கியிருந்தால் சதுரமும் கூடவே சுருங்கியிருக்கவேண்டும். சட்டை மட்டும் சுருங்கிச் சதுரம் சுருங்காமல் இருக்க எந்தக் கோளாறாலும் முடியாது. அதற்கு ஆள் வேண்டும்.

கணினிக்குத் திரும்பி வந்து அந்த ஃபில்டரைத் திறந்தாள். நீளமில்லை, ஒரே திரையில் அடங்கிவிட்டது. எல்லாம் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கிய மட்டும் போதுமாக இருந்தது. ஓரிடத்தில், மருத்துவமனைப் படம் வந்தால் மட்டும் அதை நூற்றுக்குத் தொண்ணூற்றேழாகக் குறை என்று இருந்தது. அந்த வரிக்கு முன்னால் ஒரு குறி போட்டு அதை நிறுத்திவிட்டு, அதன் கீழேயே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தாகக் குறை என்று புதுவரி எழுதியிருந்தது. அவள் நர்ஸுகளை அளந்து வந்து மார்பளவைக் கூட்டினாளே, அந்தக் கூட்டலைத் தின்பதற்கென்றே போட்ட வரி அது. அதற்கும் கீழே இன்னொன்று: மூலையில் வெள்ளை பூசி அழித்துவிட்டு, பத்து சென்டிமீட்டரில் புதிதாகச் சதுரம் வரை.

அவள் அளப்பாள் என்று அவனுக்குத் தெரியும். அவள் எதை அளப்பாள் என்றும் தெரியும்.

"என்னம்மா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு? வெட்டலாமா?" என்றார் மாஸ்டர்.

"கொஞ்சம் இருங்க மாஸ்டர். அக்காகிட்ட பேசிட்டு வந்துடறேன்."

மாடிப்படி ஏறும்போது அக்கா மடியில் விழுந்து அழவேண்டும் என்ற ஒரே நினைப்புதான். அம்மா போனபிறகு காய்ச்சலானாலும் கண்ணீரானாலும் அவள் ஓடிப்போய் விழுந்த இடம் அதுதான். அக்கா சோபாவில் துணி மாதிரிகளைப் பரப்பி வைத்துக்கொண்டிருந்தாள். சின்னவள் மூச்சிரைக்க எல்லாவற்றையும் கொட்டினாள். ஃபில்டர், தொண்ணூற்றேழு, தொண்ணூற்றைந்து, சதுரம்.

"அவர்தான்க்கா எழுதியிருக்கார். ஏன்னு தெரியலை."

அக்கா ஒரு மாதிரித் துணியை எடுத்து மடித்தாள். மடித்ததை இன்னொன்றின்மேல் வைத்தாள்.

"மாஸ்டர் பாத்துட்டாரா?" என்றாள்.

சின்னவளுக்கு முதலில் அந்தக் கேள்வி புரியவில்லை. புரிந்தபோது, அழ வந்தவளுக்கு அழுகை நின்றுவிட்டது.

"உனக்குத் தெரியுமா?"

"கத்தாதே. கீழே ஆளுங்க இருக்காங்க."

"உனக்குத் தெரியுமான்னு கேக்கறேன்."

"தெரியாம என்ன, நான்தான் தம்பிகிட்ட சொன்னேன்." தம்பி என்றது சின்னவளின் கணவனை. "மத்தவங்க சொன்ன விலையைவிடக் குறைச்சுச் சொல்லி அந்த ஆர்டரைப் பிடிச்சேன். கையைக் கடிக்காம இருக்கணும்னா துணி மிச்சமாகணும். உன்கிட்ட சொன்னா ஒத்துக்குவியா? அளவுல ஒரு நூல் குறைஞ்சாலும் குதிப்பே. எல்லாரும் பண்றதுதான்."

"கண்ணு போச்சுன்னு டாக்டர்கிட்ட போனேன்க்கா."

"நல்லாத்தானே இருக்குன்னு சொன்னாரு."

"என்னைப் போய் மன்னிப்புக் கேக்க வச்சியே. வார்டு வார்டா நின்னேனே."

"யாராவது ஒருத்தர் கேட்டுத்தானே ஆகணும்?" அக்கா முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் கோபமில்லை, குழைவும் இல்லை. கணக்குச் சொல்கிற முகம். "நான் போனா ஏமாத்துறான்னு சொல்லுவாங்க. உன் மூஞ்சியைப் பாத்தா யாருக்கும் சந்தேகம் வராது. ஏதோ தெரியாம நடந்துடுச்சுன்னு விட்டுடுவாங்க. விட்டாங்களா இல்லையா?"

வேலியே பயிரை மேய்ந்தது என்று ஊரில் சொல்வார்கள். வேலி மேய்ந்ததோடு நிற்காமல், பயிர்தான் சரியாக வளரவில்லை என்று அதையே நம்பவும் வைத்திருந்தது. சின்னவள் கீழே வந்தாள். புதுத்தாளைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"துணியைச் சுருட்டிடுங்க மாஸ்டர். இன்னிக்கு வெட்டு இல்லை."

மாஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டு இரும்புக் கட்டைகளை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினார்.

கணவன் மறுநாள் மத்தியானம் வந்தான். அக்கா முந்திக்கொண்டு போன் பண்ணியிருக்கவேண்டும். பையைக்கூட இறக்காமல் வாசலிலேயே நின்றான்.

"தொடாதேன்னு சொன்னேன்ல" என்றான். சொன்னபிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா கேட்டாங்க. முடியாதுன்னு எப்படிச் சொல்றது? இருக்கிற வீடு அவங்களோடது. ஒரே ஒரு தொகுதிக்குத்தான்னாங்க."

"அப்புறம் தொண்ணூத்தஞ்சு?"

அவன் தோளிலிருந்த பையைக் கழற்றித் தரையில் வைத்தான்.

"அந்தச் சதுரத்தையும் அக்காதான் போடச் சொன்னாளா?"

"இல்லை" என்றான். "அது நான்தான். நீ அளந்து பாத்தா கண்டுபிடிச்சிடுவேன்னு."

இதையாவது அவன் அக்காமேல் போட்டிருக்கலாம். போடாததற்கு ஒரு நிமிஷம் அவன்மேல் இரக்கம்கூட வந்தது. அந்த இரக்கத்தின் அடியிலேயே கண் டாக்டரின் அறை எழுந்து வந்தது. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் ஒரு எழுத்தைத் தப்பாகப் படித்துவிடுவாளோ என்று கவலையோடு பார்த்துக்கொண்டிருந்த முகம்.

"அன்னிக்குக் கூட்டிட்டுப் போனீங்களே. அங்கே உக்காந்து என்ன நினைச்சுக்கிட்டு இருந்தீங்க?"

"சொல்லிடலாம்னுதான் இருந்தேன். வெளியே வந்தப்போ நீ சிரிச்சே. கண்ணு நல்லா இருக்குன்னு சந்தோஷமா இருந்தே. அதைக் கெடுக்க வேணாம்னு…"

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் முட்டாள்னு நினைச்சீங்களா, இல்லை நான் உங்களை அவ்வளவு நம்பறேன்னு நினைச்சீங்களா?"

"ரெண்டாவதுதான்" என்றான். அது உண்மைதான். அதனால்தான் அவளுக்கு அவ்வளவு வலித்தது.

அன்று சாயங்காலமே சுருட்டிய தாளோடும் பழைய அட்டையோடும் மருத்துவமனைக்குப் போனாள். தலைமை நர்ஸ் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். பழைய அட்டையையும் புதுத்தாளையும் மேசைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடந்ததைச் சின்னவள் ஒளிக்காமல் சொன்னாள். யார் செய்தது என்பதையும் சொன்னாள்.

தலைமை நர்ஸ் கோப்பையைக் கீழே வைத்தாள். "நீங்க வந்து அத்தனை தடவை மன்னிப்புக் கேட்டீங்களேம்மா. பாவமா இருக்குன்னு நான்தான் மேலிடத்துல உங்களுக்காகப் பேசினேன்."

"எனக்கு அப்போ தெரியாதும்மா."

"தெரியாதுன்னு நம்பறேன். ஆனா நான் மேலே போய் என்ன சொல்வேன்? இனிமே உங்க வீட்டுத் துணி எங்களுக்கு வேணாம். உங்ககிட்ட இருந்தும் வேணாம். மன்னிச்சுக்குங்க."

அது நியாயம்தான். நியாயம் எப்போதும் நமக்குச் சாதகமாக வரவேண்டும் என்று சட்டம் இல்லையே.

ஆர்டர் போன சேதி வந்ததும் அக்கா குதியாய்க் குதித்தாள். வளர்த்த கையைக் கடித்துவிட்டாள், குடும்ப மானத்தைச் சந்தியில் இழுத்துவிட்டாள் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னாள். பெரியம்மாவும் சித்தப்பாவும் முறைவைத்துக் கூப்பிட்டுச் சின்னவளுக்குப் புத்தி சொன்னார்கள். "என்ன இருந்தாலும் அக்கா இல்லையா?" என்பதுதான் எல்லோருடைய பேச்சிலும் முதல் வரி. நீ எப்படி இருக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. மாஸ்டர் ஒருவர்தான் கேட்டார். கேட்டாரே தவிர, அவர் அந்தக் கூடத்தில்தான் வேலையைத் தொடர்ந்தார். அவருக்கும் வயிறு இருக்கிறது.

சின்னவள் கூடாரமும் வண்டி உறையும் தைக்கிற ஒரு நிறுவனத்தில் வரைகிற வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே கணினியை அமைக்க ஒரு ஆளை அனுப்புகிறோம் என்றபோது, வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இரண்டு அறை வாடகைக்குப் பிடித்தாள். பெட்டியைக் கட்டினபோது கணவனை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அவன் தன் துணிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தான். அக்கா வீட்டுக்கு இனி ஒரு திருகாணிகூட முடுக்கமாட்டேன் என்று தானாகவே சத்தியம் செய்தான். அவள் கேட்கவில்லை. பாத்திரம் கழுவினான், துணி மடித்தான், வெளியூர் வேலை வந்தால் போகுமிடத்தை மூன்று முறை சொன்னான். முன்பெல்லாம் ஒரு முறை சொன்னாலே அவளுக்குப் போதுமாக இருந்தது.

மழைக்காலம் முடிகிற சமயம் ஒருநாள் காலை, அவள் வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அக்கா பேசினாங்க. பழசையெல்லாம் மறந்துடுவோம், வீட்டுக்கு வரச் சொல்லுங்கன்னாங்க. குரலே உடைஞ்சு போச்சு."

"மறக்கறதுக்கு நான் என்ன பண்ணினேன்?"

"கோபம் இன்னும் போகலையா?"

செருப்பு வாரை இழுத்து மாட்டிவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

"கோபம்னா என்னிக்காவது போயிடும்ங்க. நீங்க ரெண்டு பேரும் எது சொன்னாலும் இது நிஜமா இருக்குமான்னு முதல்ல தோணுது. அக்கா குரல் உடைஞ்சதுன்னு சொல்றீங்களே, அதுக்கும் தோணுது. அதை எங்கே போய்ச் சரி பண்றதுன்னு எனக்குத் தெரியலை."

அவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "சாயங்காலம் சீக்கிரம் வந்துடுவியா?" என்று கேட்டான்.

"தெரியலை. பெரிய கூடாரம் ஒண்ணு வரைய வேண்டியிருக்கு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். தெருமுனையில் அவளுடைய பேருந்து ஏற்கெனவே வந்து நின்றுகொண்டிருந்தது. ஓடினால் பிடித்துவிடலாம். ஓடினாள்.